முந்தின நாள் தீபாவளி

கரோல் பாக்கில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபின் கவுன்டரில் நான் உட்கார ஆரம்பித்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. காலை ஏழு மணிக்குக் கதவைத் திறப்போம். ஆறே முக்காலுக்கே வாசலில் பத்துப் பேர் நிற்பார்கள். அத்தனை பேரும் வெறும் வயிற்றோடு வந்தவர்கள். டில்லிக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு வந்தாலே பேச்சு கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். டீகூடக் குடிக்காமல் வந்தால் கேட்க வேண்டுமா? கண்ணாடியைச் சாவியால் தட்டுவார்கள். "ஏ மேடம், ஜல்தி!" என்பார்கள். டோக்கன் எடுத்துக்கொள்ளச் சொன்னால், டாக்டர் தனக்கு எவ்வளவு வேண்டியவர் என்று விளக்குவார்கள். சிறுநீர்க் குப்பியைக் கொண்டுவந்து சரியாக என் டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைப்பார்கள். ரிப்போர்ட்டில் சர்க்கரை ஏறியிருந்தால் நானே கரண்டியால் அள்ளிப் போட்ட மாதிரி முறைப்பார்கள். பண்டிகை நெருங்கினால் இன்னும் மோசம். ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால், விருந்து சாப்பிடுவதற்கு முன்னால், எல்லோருக்கும் தங்கள் ரத்தத்தைப் பற்றி ஞாபகம் வந்துவிடும்.

இதற்கெல்லாம் நான் ஒரு வழி வைத்திருந்தேன். முகத்தில் சிரிப்பு மாறாமல் தமிழில் திட்டுவேன். "ஹாஞ்ஜி, ஏக் மினிட் சார்" என்று இந்தியில் சொல்லிவிட்டு, அதே குரலில், அதே பணிவோடு, "நில்லுடா எருமை" என்பேன். மனசு லேசாகிவிடும். ஒரு நாள் தலை நரைத்த ஒருவர் ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "எருமை கிளம்புதும்மா. ரிப்போர்ட் இன்னிக்குச் சாயங்காலம் வருமா, நாளைக்கா?" என்று கேட்டார். சாயங்காலம் வரும் என்று இந்தியிலேயே பதில் சொன்னேன், என்னவோ அதனால் நான் தமிழச்சி இல்லை என்று ஆகிவிடும்போல. அவர் கோபப்படவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். ரிப்போர்ட் வாங்க மகனை அனுப்பினார். ஒரு மாதம் நான் யாரையும் திட்டவில்லை. அப்புறம் பழையபடி ஆரம்பித்துவிட்டேன்.

இதைத்தான் என் வாழ்க்கையில் பெரிய வெட்கக்கேடு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியும் இருக்கிறேன். சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது என்றால் அது பெரிய வெட்கம் இல்லை. இப்போது எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை, ஒருத்தியைத் தவிர.

கவுன்டரில் நாங்கள் இரண்டு பேர். இன்னொருத்தி என்னைவிட இருபது வயது சின்னவள். பீகாரில் தர்பங்கா பக்கம். என்னைத் தீதி என்று, அதாவது அக்கா என்று கூப்பிடுவாள். நாங்கள் பேசிக்கொள்வதெல்லாம் இந்தியில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன். அவளுக்குக் கோபமே வராது. குப்பியை மேஜைமேல் வைக்கிறவரிடம், "அங்க்கிள், இதுக்குன்னு ஒரு தட்டு வெச்சிருக்கோம், பாவம் அது சும்மாவே இருக்கு" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே எடுத்துத் தட்டில் வைப்பார். எனக்கு அது வராது.

அவள் புருஷன் வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு கிடைக்கும். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர்கள் சேர்ந்து இருந்தது மொத்தமே சில மாதங்கள். நான் சொல்ல வந்தது நடந்த வருஷம் அவள் படேல் நகரில் தனக்கென்று ஒரு அறை எடுத்திருந்தாள். அதுவரை நான்கு பெண்களோடு ஒரே அறையில் இருந்தவள். மூன்றாவது மாடி, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் போனை எடுத்து என்னிடம் படங்களைக் காட்டுவாள். இங்கே அடுப்பு, இங்கே அலமாரி, இந்தத் திரையை நானே தைத்தேன் என்பாள். புருஷனுக்கு வீடியோவில் அறை முழுக்கச் சுற்றிக் காட்டினாளாம். அவர், "இப்படிச் சுத்தாதே, தலை சுத்துது. நான் வந்து நிதானமாப் பாத்துக்கறேன்" என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இப்போது தீபாவளி விஷயத்துக்கு வருகிறேன். டில்லியில் தீபாவளி என்றால் அமாவாசையன்று சாயங்காலம் லட்சுமி பூஜை, விளக்கு. நமக்குச் சதுர்த்தசி விடியற்காலை, எண்ணெய்க் குளியல். சில வருஷம் இரண்டும் ஒரே தேதியில் வந்துவிடும். சில வருஷம் நம்முடையது ஒரு நாள் முந்திக்கொள்ளும். லேபுக்கு டில்லி தீபாவளியன்று எல்லோருக்கும் விடுமுறை. அந்த வாரத்தில் லேபில் இருக்கிறவர்கள் கூடுதலாக ஒரு நாள் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே நாளில் இரண்டு பேர் எடுக்கக் கூடாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் உண்மையாகவே நம் தீபாவளி ஒரு நாள் முந்தி வந்தது. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். டாக்டர்தான் லேபுக்குச் சொந்தக்காரர், பஞ்சாபி, தங்கமான மனிதர். "அச்சா, உங்களுக்கு வேற நாளா? எனக்கு இத்தனை வயசுக்கு இது தெரியாதே" என்று ஆச்சரியப்பட்டு லீவு கொடுத்தார். மறு வருஷமும் அப்படியே. அதற்கப்புறம் வந்த ஒரு வருஷம் இரண்டும் ஒரே நாளில் வந்தன. அடுப்படியில் தொங்குகிற தினசரி காலண்டரில் நான் அதைப் பார்த்திருந்தேன். ஆனால் டாக்டர் தானாகவே, "உங்க தீபாவளி முந்தின நாள்தானே? போட்டுக்கோங்க" என்றார். நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினேன் என்று கொஞ்ச நாள் என்னை நானே தேற்றிக்கொண்டேன். அதற்கடுத்த வருஷம் வாயைத் திறந்தே சொன்னேன். அதன் பிறகு வந்த தீபாவளியெல்லாம் டில்லியோடு ஒரே நாளில்தான் வந்துகொண்டிருந்தது. நானும் வருஷா வருஷம் முந்தின நாள் லீவு எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு அப்படி என்ன செய்தாய் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. எட்டு மணி வரை தூங்குவேன். காபியை ஆற அமரக் குடிப்பேன். மத்தியானம் மறுபடி படுப்பேன். பண்டிகையன்று எனக்கு ஓய்வு கிடையாது. சமையல், பட்சணம், வருகிறவர் போகிறவர். இந்த முந்தின நாளில்தான் என்னை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். வருஷம் முழுக்க ரசீதும் டோக்கனுமாகக் கத்திக் கத்தித் தேய்ந்த தொண்டைக்கு அன்று முழு விடுமுறை. அது எனக்குக் கிடைத்தே ஆக வேண்டிய நாள் என்று நினைக்க ஆரம்பித்துவிட்டேன். அப்படி நினைத்துவிட்டால் அப்புறம் பொய் பொய்யாகத் தெரியாது.

அவள் அறை எடுத்த அந்த வருஷம், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது லீவு ரிஜிஸ்டரைப் புரட்டினேன். முந்தின நாளுக்கு நேரே ஏற்கெனவே பென்சிலில் அவள் பெயர் எழுதியிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. ஏதோ என் நாற்காலியில் வேறொருவர் வந்து உட்கார்ந்துவிட்டதுபோல. அவளிடம் கேட்டிருக்கலாம். பக்கத்து நாற்காலிதான். நான் கேட்கவில்லை. நேரே டாக்டர் அறைக்குப் போய், "டாக்டர் சாப், அன்னிக்கு எங்க பண்டிகை" என்றேன். அவர் பாவம், பதறிப்போனார். "ஆமாம், ஆமாம். பண்டிகை பண்டிகைதான். நான் அவகிட்ட சொல்றேன்" என்றார்.

பத்து நிமிஷத்தில் அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கோங்க தீதி. உங்க தீபாவளி அன்னிக்குங்கறது எனக்கு மறந்தே போச்சு" என்றாள். ரிஜிஸ்டரை எடுத்து ரப்பரால் தன் பெயரை அழித்தாள். ஊதித் தூசியைத் தட்டினாள். அப்புறம்தான் சொன்னாள்: அவள் மாமனாருக்கு ஆபரேஷன், அதற்காகப் புருஷன் அவசர லீவில் பாட்னாவுக்கு வருகிறார், நாட்களெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே போய்விடும். திரும்பிப் போகும் விமானம் டில்லியிலிருந்து. தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் ரயிலில் வந்து, அன்று ராத்திரி விமானம் ஏற வேண்டும். டில்லியில் அந்த ஒரு பகல்தான் அவருக்கு.

"ரூமைக் காட்டணும்னு நெனச்சேன்" என்றாள். "ஒரு வேளை சமைச்சுப் போடணும்னு."

அந்த நேரத்திலாவது எனக்கு வாய் வந்திருக்க வேண்டும். வந்தது. "அவர் இன்னொரு தடவை வருவார். தீபாவளி வருஷத்துக்கு ஒரு நாள்தானே வருது" என்றேன். எழுதும்போது கை கூசுகிறது. அப்படியேதான் சொன்னேன். அவள், "சரிதான் தீதி" என்றாள்.

அன்று காலை நான் எழுந்தபோது மணி எட்டே கால். வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "நாளைக்குத்தானே தீபாவளி? இன்னிக்கு உனக்கு ஏது லீவு?" என்றார். வருஷா வருஷம் இதே கேள்விதான்.

"பாக்கி இருந்தது" என்றேன்.

"உங்க டாக்டர் ரொம்ப நல்லவர்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பினார்.

படுத்தால் தூக்கம் வரவில்லை. எழுந்து ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். வாழையிலை, தேங்காய், வெற்றிலை, சுக்கு, திப்பிலி எல்லாம் நம் ஊர்ச் சாமான் விற்கிற கடைகள் அங்கேதான். கடையில் கால் வைக்க இடமில்லை. எல்லோரும் தமிழர்கள், எல்லோரும் மறுநாள் தீபாவளிக்கு வாங்க வந்தவர்கள். "லேகியத்துக்கு எல்லாம் வாங்கியாச்சா மாமி?" என்று ஒரு பெண் கேட்டாள். "நாளைக்குக் காலைல நாலு மணிக்கே எழுந்துக்கணும்" என்றாள் இன்னொருத்தி. டில்லி முழுக்க யாரிடம் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய பொய், அந்த ஒரு கடைக்குள் செல்லுபடியாகாது. எனக்கு உள்ளே எரிச்சலாக இருந்தது. அதைக் கடைக்காரர் தலையில் கொட்டினேன். "ஏங்க, எத்தனை நேரமா நிக்கறேன்? கண்ணு தெரியலையா?" என்று கல்லாமேல் பர்ஸால் தட்டினேன். அந்த மனிதர் ஒரு கையில் தராசும் ஒரு கையில் போனுமாக, "ரெண்டே நிமிஷம் அம்மா, கோவிச்சுக்காதீங்க" என்றார். பின்னாலிருந்த யாரோ, "பண்டிகை நாளும் அதுவுமா என்ன கத்தல்" என்று முணுமுணுத்தார்கள். ஏழு மணிக்கு என் கண்ணாடியைச் சாவியால் தட்டுகிறவர்களின் முகம் எப்படி இருக்குமோ, அப்போது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

மெட்ரோவில் திரும்பி கரோல் பாக்கில் இறங்கினேன். லேப் இருக்கிற தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போவதுதான் என் வழக்கம், அந்த ஒரு நாள் மட்டும். அன்று பார்த்து மார்க்கெட் பக்கத்துக் குறுக்குத் தெருவை மூங்கில் கட்டி அடைத்துவிட்டார்கள். தீபாவளிக் கூட்டம், நடந்து போகிறவர்கள் எல்லோரும் இந்தப் பக்கம் என்று போலீஸ்காரர் கையைக் காட்டினார். கூட்டம் தள்ளிக்கொண்டு போக, நான் லேப் வாசலுக்கே வந்துவிட்டேன். மணி இரண்டரை.

தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் கண்ணாடிக் கதவு திறந்தது. யாரோ ஒரு பெரியவர் மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடிக் கூட்டைக் கையில் தூக்கிப் பிடித்தபடி அவள் வெளியே ஓடி வந்தாள். பெரியவரிடம் அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். என்னைப் பார்த்துவிட்டாள்.

"தீதி! இன்னிக்குப் போய் இங்கே!" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. தீபாவளி வாழ்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் பழைய சுடிதாரில், கையில் இரண்டு பையோடு நின்றுகொண்டிருந்தேன். "புதுப் புடவை கட்டிக்கலையா?"

"காலைல கட்டிக்கிட்டேன். மார்க்கெட் போகணும்னு மாத்திட்டேன்" என்றேன்.

"எண்ணெய் தேச்சுக் குளிச்சீங்களா? அந்தக் கறுப்பு மருந்து சாப்பிட்டீங்களா?" லேகியத்தைத்தான் அப்படிச் சொல்வாள். ஒவ்வொரு வருஷமும் அவளுக்கு ஒரு டப்பாவில் கொண்டுவந்து கொடுப்பேன்.

"ம், எல்லாம் ஆச்சு. விடியற்காலையிலேயே எல்லாம் முடிஞ்சுது" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "வாங்க, அவரைப் பாத்துட்டுப் போங்க."

உள்ளே டோக்கன் எடுத்தவர்கள் முப்பது பேராவது இருப்பார்கள். நாற்காலிகள் நிரம்பி, சுவர் ஓரமாகவும் நின்றுகொண்டிருந்தார்கள். நிற்கிறவர்களில் ஒருவர் அவர். காலடியில் விமானத்துக்குப் போகிற பெரிய பெட்டி, அதன்மேல் ஒரு டிபன் கேரியர். ரயில் தாமதமாகிப் பதினொரு மணிக்குத்தான் வந்திருக்கிறார். நேரே இங்கே வந்திருக்கிறார். விடியற்காலையில் எழுந்து அவள் சமைத்துக் கொண்டுவந்ததை, ரத்தம் எடுக்கிற அறையில் நின்றபடி ஆளுக்குப் பத்து நிமிஷமாக, ஒருவர் மாற்றி ஒருவர் சாப்பிட்டிருக்கிறார்கள். மற்ற நேரமெல்லாம் அவர் காத்திருப்போர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். வயதானவர் யாராவது வந்தால் எழுந்து இடம் கொடுத்துவிடுவாராம். "காலைலேர்ந்து உட்கார்ந்ததைவிட நின்னதுதான் ஜாஸ்தி" என்று அவள் சிரித்தாள். ராத்திரி முழுக்க ரயிலில் வந்த மனிதர்.

அவர் என்னைப் பார்த்ததும் கை கூப்பினார். "நீங்கதானா தீதி. போன்ல உங்களைப் பத்தித்தான் பேசுவா. இந்த ஊர்ல உங்களைப் போல ஒருத்தர் பக்கத்துல இருக்கறது எனக்குத் தைரியம்" என்றார். குனிந்து பெட்டியைத் திறந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு பேரீச்சம்பழப் பெட்டியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "இன்னிக்கு உங்க பண்டிகையாமே."

நான் வாங்கிக்கொண்டேன்.

அதற்குள் கவுன்டரில் ஒரு ஆள், "மேடம், புருஷனோட கொஞ்சறதுக்கா சம்பளம்? நாங்க நிக்கறோம்" என்று கத்தினான். அவள் முகம் ஒரு நொடி சிவந்தது. "வந்துட்டேன் அண்ணா" என்று ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் ஐந்து மணிக்குக் கிளம்பினால் போதும். படேல் நகர் ஆட்டோவில் பதினைந்து நிமிஷம். இரண்டரை மணி நேரம் இருந்தது. எனக்குக் கணக்கு அப்போதே தெரிந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு, "நீ போ, நான் உட்கார்றேன்" என்று சொன்னால் போதும். அதைச் சொல்ல என் பொய்யை விட்டுக்கொடுக்கக்கூடத் தேவையில்லை. விடியற்காலையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று நானே இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தேன். எங்கள் பண்டிகை காலையோடு சரி, இப்போது நான் சும்மாதான் இருக்கிறேன் என்று சொன்னால் அவளும் நம்பியிருப்பாள், டாக்டரும் நம்பியிருப்பார். என் கெட்டிக்காரத்தனத்துக்குக் கேடு எதுவும் வந்திருக்காது.

பிறகு ஏன் சொல்லவில்லை? அதைத்தான் என்னால் யாரிடமும் சொல்ல முடிந்ததில்லை. அப்படி வந்து உட்கார்ந்தால், அடுத்த வருஷம் டாக்டர், "உங்களுக்கு அரை நாள் போதுமே" என்று சொல்லிவிடுவாரோ என்று தோன்றியது. அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. அந்த மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, என் மனசில் ஓடியது அடுத்த வருஷத்து அரை நாள்.

"சரி, நான் வரேன்" என்றேன். அவர் எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பேரீச்சம்பழப் பெட்டியை அலமாரியின் மேல்தட்டில், கைக்கு எட்டாத இடத்தில் வைத்தேன். வீட்டுக்காரர், "யார் கொடுத்தா?" என்றார். "லேப்ல" என்றேன். மறுநாள் விடியற்காலை நிஜத் தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், புதுப் புடவை கட்டினேன், லேகியம் சாப்பிட்டேன். நேற்று அவளிடம் ஆச்சு, ஆச்சு என்று சொன்னது ஒவ்வொன்றையும் வரிசையாகச் செய்தேன். வீட்டில் எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

அதற்கு மறுநாள் வேலைக்குப் போனபோது அவளிடம், "ரூமைப் பாத்தாரா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ தெரியவில்லை. பார்த்தார் என்று சொல்லிவிடமாட்டாளா என்று ஒரு நப்பாசை.

"இல்லை தீதி. இங்கேர்ந்தே டாக்ஸி பிடிச்சுப் போயிட்டார். அதான் வீடியோல பாத்துட்டாரே" என்றாள். நான் கொண்டுவந்த லேகிய டப்பாவைத் திறந்து விரலால் எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு, "இந்தத் தடவை இஞ்சி தூக்கலா இருக்கு" என்றாள்.

அந்த வருஷம் முழுக்க நான் அவளிடம் தேனாக ஒழுகினேன். அவள் ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தால் அவள் வேலையையும் சேர்த்துச் செய்தேன். புளியோதரை கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்கள் ஊர்ப் பண்டிகையான சட் பூஜைக்கு இரண்டு நாள் கேட்டாள். டாக்டரிடம் நானே போய் வாதாடி வாங்கிக் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு தடவையும், "உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு" என்றாள். இதைவிட அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். ஒருவருக்குத் தெரியாமல் அவரை ஏமாற்றிவிட்டு, அந்த ஏமாற்று வேலையை வைத்தே அவரிடம் நல்ல பெயரும் வாங்குவதைப் போல் கேவலம் வேறில்லை. நான் அதை ஒரு வருஷம் செய்தேன்.

அடுத்த தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும். சாயங்காலம், கூட்டம் குறைந்த நேரம். லீவு ரிஜிஸ்டர் மேஜைமேல் திறந்திருந்தது. தீபாவளிக்கு முந்தின நாளுக்கு நேரே, பேனாவால், அழுத்தமாக, என் பெயர். கையெழுத்து அவளுடையது.

"வேற யாரும் எழுதிடக் கூடாதுன்னு நானே போட்டுட்டேன். ரத்தம் எடுக்கற புதுப் பொண்ணு கேட்டா. அன்னிக்கு எங்க தீதியோட தீபாவளி, வேற நாள் பாத்துக்கோன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

அந்த வருஷமும் காலண்டரில் இரண்டும் ஒரே நாள்தான். நான் பேனாவை எடுத்தேன், மூடினேன், மறுபடி எடுத்தேன். வயது ஐம்பத்தாறு எனக்கு.

"இந்த வருஷம் எங்களுக்கும் உங்களுக்கும் ஒரே நாள்தான்" என்றேன்.

"அச்சா? அப்படியும் வருமா?"

"வரும். பெரும்பாலும் அப்படித்தான் வருது."

அவள் ரசீதுக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது. "போன வருஷம்?" என்றாள். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. சும்மா, பேச்சுக்குத்தான் கேட்டாள். வேறு ஏதாவது சொல்லிவிட்டு நான் தப்பித்திருக்கலாம், அப்போதுகூட.

"போன வருஷமும் ஒரே நாள்தான்" என்றேன். "அதுக்கு முந்தின வருஷமும். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எடுத்தேன்."

அழுதுவிடுவாள், அல்லது கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட ஆசைப்பட்டேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் ஏதேதோ சொன்னேன். தொண்டை வலி, தூக்கம், உடம்பு முடியவில்லை. என் குரலைக் கேட்க எனக்கே சகிக்கவில்லை, நிறுத்திவிட்டேன். வெளியே யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். இருவருமே திரும்பவில்லை.

அவள் பொய்யைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அன்னிக்கு மத்தியானம் நீங்க உள்ளே வந்தீங்களே. அப்போ நீங்க கவுன்டர்ல உட்கார்ந்திருக்கலாம், இல்லையா?"

"உட்கார்ந்திருக்கலாம்" என்றேன்.

தலையை ஆட்டினாள். நான் ரிஜிஸ்டரை என் பக்கம் இழுத்து, என் பெயரை அடிப்பதற்காகப் பேனாவை வைத்தேன். அவள் கையை நீட்டி ரிஜிஸ்டரை மூடினாள்.

"இருக்கட்டும், எடுத்துக்கோங்க" என்றாள். "இந்த வருஷம் அவர் வரலை."